கரா-உங்கூர் மலைக்கு வந்த தகடு

மலையூரான கோக்-பெல்லில் விமானச் சத்தம் கேட்டால் ஐமகுல் அம்மாள் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு முற்றத்துக்கு வந்துவிடுவாள். மாவு பிசைந்துகொண்டிருந்தால் மாவுக் கையோடு வருவாள். ஊர் விமானத் திடல் மூடிக் கிடந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது மேலே போகிறவை எல்லாம் சீனாவுக்கும் துருக்கிக்கும் போகிற பெரிய விமானங்கள். வெள்ளைக் கோடு மட்டும்தான் தெரியும். அந்தக் கோடு கலைந்து போகும்வரை அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே திரும்புவாள். அக்கம்பக்கத்தில் யாரும் அவளைக் கேலி செய்ததில்லை. அவள் கணவன் சாதிர் விமானத்தில் போனவன். இன்னும் திரும்பவில்லை.

சாதிர் விமானியில்லை, மெக்கானிக். கூடவே பறக்கிற மெக்கானிக். அப்போது ஊருக்கு வந்துபோனது இரட்டை இறக்கை வைத்த சின்ன விமானம். ஒரு காலத்தில் சோள வயலுக்கு மருந்து தெளித்ததால் அதற்குச் 'சோளக்காரன்' என்றே பேர். சோவியத் உடைந்து ரொட்டிக்கே ஊர் அல்லாடிய நாட்களில், ஒரு இலையுதிர் காலத்தில், சமவெளியிலிருந்து மாவு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு சோளக்காரன் கிளம்பியது. விமானியும் சாதிரும் மட்டும் அதில் இருந்தார்கள். வந்து சேரவில்லை. வழக்கமான பாதை ஏரியை ஒட்டிப் போகும், அதனால் ஏரிப் பக்கம் தேடினார்கள். பனி கொட்ட ஆரம்பித்தது. தேடுவதை நிறுத்தினார்கள்.

அடுத்த கோடையில் ஒரு விடிகாலை ஐமகுல் வாசல் கதவைத் திறந்தபோது ஒரு மூட்டை மாவு நின்றது. வைத்தவர் யாரென்று ஊரெல்லாம் கேட்டாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"அவர்தான் அனுப்பியிருக்கார்" என்றாள். "எங்கேயோ இருக்கார். வர முடியாத இடத்துல இருக்கார்."

அன்றைக்குப் பிறகு அந்த வீட்டில் சாதிருக்காக எண்ணெய் காய்ச்சியதில்லை. மற்ற வீடுகளில் வியாழக்கிழமை சாயங்காலம் எண்ணெயைக் காயவைத்து மாவுத் துண்டுகளைப் பொரிப்பார்கள். அந்த மணம் செத்தவர்களுக்குப் போய்ச் சேரும், அதுதான் அவர்களுக்குச் சாப்பாடு. ஐமகுல் தன் அப்பாவுக்குப் பொரிப்பாள், மாமியாருக்குப் பொரிப்பாள், பேரைச் சொல்லிப் பிரார்த்தனை செய்வாள். சாதிர் பேர் வராது. உறவுக்காரப் பெண்கள் மெல்ல எடுத்துச் சொன்னால், "உசுரோட இருக்கற மனுஷனுக்கு எண்ணெய் மணம் காட்டச் சொல்றீங்களா? போங்கடி" என்று விரட்டுவாள்.

இந்த வீட்டில் வளர்ந்தவள்தான் புருல். அப்பா போனபோது பன்னிரண்டு வயது. அப்பா இருக்கிறாரா இல்லையா என்ற கேள்வியோடு அவள் படுத்தாள், எழுந்தாள், கல்யாணம் செய்தாள், கல்யாணத்தை முறித்துக்கொண்டு அம்மா வீட்டுக்கே வந்தாள். அப்பா செத்துவிட்டார் என்று யாராவது சாட்சியோடு வந்து சொன்னால் போதும், அம்மா முற்றத்துக்கு ஓடுவது நிற்கும் என்று அவளுக்குத் தோன்றும். நினைத்த மாத்திரத்தில் தன்மேலேயே வெறுப்பு வரும்.

பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் அவளுக்கு ஒரு வெல்டிங் பட்டறை. வண்டிக் கதவு, குதிரைத் தொட்டி, கல்லறை வேலி என்று வருகிற வேலையைச் செய்வாள். வேலை இல்லாதபோது விமானம் செய்வாள். பேருந்து நிறுத்தத்தின் கூரைமேல் காற்றுக்குச் சுழல்கிற இரட்டை இறக்கை விமானம் அவள் செய்ததுதான், சுழலி பால் கேனின் மூடி. பழைய புகைக்குழாய்களை வளைத்து ஆள் உயரத்துக்கு ஒரு பூமி உருண்டையும் செய்திருந்தாள். ஊருக்கு ஊர் விமானம் போகிற பாதைகளைச் செப்புக் கம்பியால் அதன்மேல் இழுத்திருந்தாள். கம்பிகளெல்லாம் எங்கேயோ போய்ச் சேர்ந்தன. ஒன்று மட்டும் மலைக்கு நடுவில் அறுந்து தொங்கியது. பார்க்க வருகிறவர்கள், "இது சரியா ஒட்டலை போலிருக்கே" என்பார்கள். அவள் அதை அப்படியே விட்டுவைத்தாள்.

போன குளிர்காலத்தில் நகரசபை ஆள் தாலாய் பட்டறைக்கு வந்தான். தொப்பியிலிருந்து பனி உதிர, வாயெல்லாம் பல்.

"அக்கா, பொம்மை விமானம் செஞ்சது போதும். நிஜ விமானமே வருது. வசந்தத்துல திடலைத் திறக்கறாங்க."

"யாரு ஏறப்போறா? ஆடா?"

"ஆடு ஏறினாலும் டிக்கெட்டு உண்டு. விளையாட்டு இல்லக்கா. புதுக் கட்டடத்துல ஒரு பெரிய சுவர் மொட்டையா நிக்குது. நம்ம மலை, ஆறு, ஏரி எல்லாம் வெச்சு ஒரு வரைபடம் செய்யணும். காகிதத்துல இல்ல, தகட்டுல. மேடு பள்ளமா, தொட்டுப் பாக்கற மாதிரி. விமானம் போற பாதை மஞ்சளா மின்னணும்."

புருல் சுத்தியலைக் கீழே வைத்தாள். "பாதை எந்தப் பக்கம்?"

"நேர்க்கோடு. கரா-உங்கூர் மலைக்கு மேல. இப்பத்து விமானத்துக்கு அதெல்லாம் ஒரு உயரமா?"

ஊரிலிருந்து தெற்கே பார்த்தால் தெரிகிற கறுத்த மலைதான் கரா-உங்கூர். கோடையிலும் அதன் ஒரு பக்கத்தில் வெயில் விழாது. அவள் உருண்டையில் அறுந்து தொங்கிய கம்பியை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ஆனாலும் சரியென்றாள். இப்படி ஒரு வேலைக்காக இருபது வருஷமாகக் காத்திருந்தவள் வேறென்ன சொல்வாள்?

தகட்டுக்குத் தாலாயே வழி சொன்னான். வீட்டுக்கு ஒரு பழைய அலுமினியச் சாமான் கொடுக்கச் சொல்லி ஊரில் அறிவித்தார்கள். பட்டறை வாசலில் கெண்டிகள், நசுங்கிய கரண்டிகள், துணி துவைக்கும் இயந்திரத்தின் உள்தொட்டி எல்லாம் குவிந்தன. ஒரு கிழவர் அடி ஓட்டையான சட்டியை நீட்டி, "என் பொண்டாட்டி இதால என்னை அடிச்சிருக்கா. இதை உச்சியில வை, நான் தினம் வந்து பாக்கணும்" என்றார்.

வேலைக்கு புருல் ஒரு முறை வைத்துக்கொண்டாள். எந்த மேய்ச்சல் மலையில் ஒரு குடும்பம் கோடையைக் கழிக்கிறதோ, அந்தக் குடும்பம் கொடுத்த தகட்டை அந்த மலைக்கே போடுவது. வாங்கும்போதே மலையின் பேரைச் சுண்ணாம்புக் கட்டியால் சாமானில் எழுதிவிடுவாள். தகட்டைத் தட்டையாக வெட்டி, மணல் மூட்டைமேல் வைத்து, மரச் சுத்தியலால் பின்பக்கமிருந்து அடித்து மலையை எழுப்புவாள். வீட்டு அலுமினியம் மாவு மாதிரி, அடிக்கு வளைந்து கொடுக்கும். வடக்கு மலைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. ஏரிக்கு இயந்திரத் தொட்டி சரியாகப் பொருந்தியது. தாலாய் வந்து வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போனான்.

கரா-உங்கூருக்கு வந்தபோது தகடு வளையவில்லை.

முதல் துண்டு ஒரு கன்றுக்குட்டித் தொட்டியிலிருந்து வெட்டியது. நாலாவது அடியில் நடுவில் விரிசல் விட்டது. இன்னொரு வீட்டின் புகைபோக்கி வளையத்தை எடுத்தாள். அதுவும் வெடித்தது. கெட்ட தகடு என்று ஒதுக்கி வேறொன்றை எடுத்தாள். ஓரத்தில் வரிசையாகப் பொட்டுப் பொட்டாக ஓட்டைகள். ரிவிட் அடித்து எடுத்த ஓட்டைகள். சட்டியில் எவரும் இப்படி அடுத்தடுத்து ரிவிட் அடிக்கமாட்டார்கள். திடலின் மூலையில் கிடந்த பழைய விமானக் கூட்டிலிருந்து அவள் நிறையத் தகடு வெட்டியிருக்கிறாள். அந்தத் தகடும் இப்படித்தான், நெருப்புக் காட்டாமல் வளையாது.

திடல் கூட்டிலிருந்து யாரோ வெட்டிக்கொண்டு போயிருக்கலாம் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். ஆனால் அப்படியென்றால் எல்லா மலைக்காரர்களிடமும் இருக்க வேண்டும். வடக்கு மலைக்காரர்கள் ஒருவரிடமிருந்தும் இது வரவில்லை. சுண்ணாம்பு எழுத்தைப் பார்த்தாள். வெடித்த தகடு எல்லாவற்றிலும் ஒரே பேர்தான் இருந்தது. கரா-உங்கூர்.

அன்று சாயங்காலம் ஒமோர் வந்தார். கரா-உங்கூரில் காலங்காலமாக மந்தை மேய்க்கிற குடும்பத்துப் பெரியவர் அவர். கையில் புத்தம் புதுப் பானை.

"புருல், எங்க வீட்டுப் புது மருமக சிர்கா ஒரு தகடு கொண்டாந்து குடுத்தாளாம். தயிர் உருண்டை காயப்போடற தகடு. நான் மந்தையோட போயிருந்தேன், விவரம் தெரியாம குடுத்துட்டா. அதைத் திருப்பிக் குடுத்துடு. இந்தா, புதுப் பானை."

"பழசுக்குப் புதுசா? நல்ல வியாபாரமா இருக்கே பெரியப்பா."

அவர் சிரிக்கவில்லை. அவர் கண் குவியல்மேல் ஓடிக்கொண்டிருந்தது. "என் பொண்டாட்டி வெச்சிருந்தது. செத்தவ ஞாபகம்."

"தேடித் தர்றேன்" என்றாள். "பானையை எடுத்துட்டுப் போங்க."

அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டுக் குவியலைக் கலைத்தாள். அடியில் கிடந்தது. கை அகலத்துக்குத் தயிர்க்கறை, அதற்கு அடியில் பச்சை வண்ணம். ஒரு மூலை வளைவாக இருந்தது, கதவின் மூலை மாதிரி. திருப்பினாள். மறுபக்கம் ஒரு ஒட்டுத் தகடு. சுற்றிலும் ரிவிட்டுகள் ஒழுங்காக நின்றன. கடைசி ஒன்று மட்டும் கோணல். தலை ஒரு பக்கம் நசுங்கிப் பிறை மாதிரி இருந்தது, பக்கத்தில் சுத்தியல் வழுக்கிய கீறல்.

அவள் பள்ளிக்கூடம் போன நாட்களில் மூட்டை வண்டி இடித்துச் சோளக்காரனின் பக்கக் கதவு கிழிந்தது. அப்பா ஒட்டுப் போட்டார். கடைசி ரிவிட்டை மட்டும் அவள் கையில் சுத்தியலைக் கொடுத்து அடிக்கச் சொன்னார். வழுக்கிவிட்டது. அவள் அழப்போனபோது விமானி எட்டிப் பார்த்து, "பரவாயில்ல கண்ணு. இது கழண்டு விழுந்தா நானும் உங்கப்பாவும் உன் பேரைச் சொல்லிக்கிட்டே விழறோம்" என்றார். அப்பா அவரை முறைத்தார்.

கோணல் ரிவிட் இன்னும் கழலவில்லை. புருல் அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பாதி எழும்பிய கரா-உங்கூர் மலை எதிரில் மேசைமேல் கிடந்தது.

மறுநாள் தகட்டை எடுத்துக்கொண்டு ஒமோர் வீட்டுத் தொழுவத்துக்குப் போனாள். அவர் ஒரு ஆட்டின் குளம்பைச் சீவிக்கொண்டிருந்தார். தகட்டைப் பார்த்ததும் ஆட்டின் காலை விட்டார்.

"இது எங்க கிடைச்சது பெரியப்பா?"

"மலையில கிடைச்சது."

"மலையில தகடு முளைக்குதா?"

"உனக்கு எதுக்கு அது? கேட்டதைக் கொண்டாந்தே இல்ல, குடுத்துட்டுப் போ."

"இந்த ரிவிட்டை அடிச்சது நான்" என்றாள் புருல். "என் கையால அடிச்சது. இப்பச் சொல்லுங்க."

ஒமோர் தொழுவத்து வேலியைப் பிடித்துக்கொண்டார். பேச ஆரம்பித்தபோது அவர் குரல் கோபமாக இருந்தது, யாரோ அவரிடம் திருடிவிட்ட மாதிரி.

"பனி உருகின பிறகுதான் பாத்தோம். மேல் பள்ளத்துல கிடந்துச்சு. விமானி இருக்கையிலேயே போயிட்டான். மாவு பாதி நல்லா இருந்துச்சு. எடுத்தோம், நாலு வீடு தின்னுச்சு. எடுக்காம என்ன பண்றது? அந்த வருஷம் நீ என்ன தின்னேன்னு ஞாபகம் இருக்கா? உங்க வாசல்ல ஒரு மூட்டை வெச்சேனே, அது எங்கிருந்து வந்துச்சுன்னு நினைக்கறே?"

புருலுக்கு அந்த நாள் நினைவு வந்தது. அந்த மாவில் அம்மா ரொட்டி சுட்டாள். முதல் ரொட்டியைப் பிய்த்து, "அப்பா அனுப்பினது, சாப்பிடு" என்று வாயில் ஊட்டினாள்.

"எங்கப்பா?"

"விமானத்துக்குள்ளே நெருப்பு மூட்டியிருந்தான். ரெண்டு மூணு நாள் இருந்திருப்பான். அப்புறம் நடந்திருக்கான்."

"எங்கே?"

ஒமோர் ஆட்டைப் பார்த்தார். "எங்க மலைக் குடிசைக்கு. நாங்க மந்தையை இறக்கிட்டு ஊருக்கு வந்துட்டோம்."

"குடிசையில தீப்பெட்டி இருக்குமே" என்றாள் அவள். மலைக் குடிசையை ஒருவரும் பூட்டமாட்டார்கள். போகும்போது தீப்பெட்டி, உப்பு, காய்ந்த சாணி எல்லாம் அடுப்போரம் வைத்துவிட்டுத்தான் போவார்கள். வழி தப்பி வருகிறவனுக்கு அது அவன் வீடு. புருலுக்குத் தெரிந்து அதற்கு மாறாக எவரும் நடந்ததில்லை. "உப்பு இருக்கும், சாணி இருக்கும். அப்புறம் எப்படி?"

"இருந்துச்சு. எல்லாம் இருந்துச்சு. அரை மூட்டை மாவுகூட இருந்துச்சு."

"அப்புறம்?"

"பூட்டினேன்" என்றார் ஒமோர். "அந்த ஒரு வருஷம் பூட்டினேன். திருடனுங்க அடுப்பைக்கூடப் பேத்துக்கிட்டு போற காலம் அது. என் அப்பன் பூட்டினதில்ல, பாட்டன் பூட்டினதில்ல. நான் பூட்டினேன். பெரிய இரும்புப் பூட்டு, பஜார்ல வாங்கினது. கதவுல கீறல் இருந்துச்சு. சன்னல் இல்லாத குடிசை. அவன் கதவுக்கு முதுகைக் குடுத்து உக்காந்திருந்தான்."

தொழுவத்தில் ஆடுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. தெற்கிலிருந்து காற்று இறங்கியது.

"மாவுக்காக மறைக்கல. விமானம் கிடைச்சுதுன்னு சொன்னா, ஆள் எங்கேன்னு கேப்பாங்க. ஆள் கிடைச்ச இடத்தைச் சொன்னா, கதவு ஏன் மூடியிருந்துச்சுன்னு கேப்பாங்க. இந்த ஊர்ல அதுக்கப்புறம் எவன் எனக்கு சலாம் சொல்லுவான்?" அவர் மூக்கைத் துடைத்தார். "ரெண்டு பேரையும் குடிசைக்கு மேற்கே ஒழுங்கா அடக்கம் செஞ்சோம். முகத்தைத் தொழுகைத் திசைக்கு, கிப்லா பக்கம் திருப்பித்தான் வெச்சோம். என் பொண்டாட்டி சாகற வரைக்கும் வியாழக்கிழமை அவங்க பேரைச் சொல்லி எண்ணெய் காய்ச்சினா. குறை வைக்கல."

குறை வைக்கவில்லை என்ற அந்தச் சொல் புருலின் காதில் நின்றுவிட்டது. அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. கையில் தகடு இருந்தது, அதன் ஓரம் கூராக இருந்தது. அதை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"இதை நீங்க வந்து எங்கம்மாகிட்ட சொல்லணும்" என்றாள். "நான் சொல்லமாட்டேன்."

"என்னால முடியாது."

"முப்பது வருஷமா எங்கம்மாவால முடிஞ்சுதே."

இரண்டு நாள் அவர் வரவில்லை. அந்த இரண்டு நாளும் புருல் கரா-உங்கூரை அடித்தாள். தகட்டுக்கு நெருப்புக் காட்டினாள், சிவக்காமல், மேலே தேய்த்த சோப்பு கறுக்கும் பதத்தில் எடுத்தாள். பிறகு அது வளைந்தது. அப்பாவின் விமானம் அப்பாவைக் கொண்டுபோன மலையாக அவள் கைக்கடியில் எழுந்தது. புகைக்கறையை அவள் துடைக்கவில்லை. மற்ற மலைகள் வெள்ளையாக மின்ன, அது மட்டும் கறுப்பாக நின்றது.

மூன்றாம் நாள் ஒமோர் வந்து வேலிக்கு வெளியே நின்று, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். அதிகம் சொல்லவில்லை. ஐமகுல் அம்மாள் முற்றத்தில் துணி உதறிக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்ததும் ஈரத்துணியைக் கவனமாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"அந்த மாவை வெச்சது நீயா?"

"நான்தான்."

"அவர் அனுப்பினதுன்னு நினைச்சேன்."

ஒமோரின் கை வேலிக் கதவின்மேல் இருந்தது, தள்ளவுமில்லை, எடுக்கவுமில்லை.

"ஏன் அங்கேயே நிக்கறே?" என்றாள் ஐமகுல். "எங்க வீட்டுக் கதவு திறந்துதான் இருக்கு. வர்றதுன்னா வா."

அவர் வரவில்லை. தெரு முனை திரும்பும்வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மகளிடம் சொன்னாள்: "நான் ஒரு சொட்டு எண்ணெய் காட்டல. எவளோ காட்டியிருக்கா. என் புருஷன் அடுத்த வீட்டு மணத்துல பசியாறியிருக்கார், பாத்தியா."

வரைபடத்தைச் சுவரில் மாட்டியபோது தாலாய் தலையைச் சொறிந்தான். "எல்லாம் பிரமாதம் அக்கா. அந்த ஒரு மலை மட்டும் ஏன் இப்படிக் கருகிக் கிடக்கு? ஏறப்போறவங்க பயப்படமாட்டாங்களா?"

"பயந்துக்கிட்டே ஏறட்டும்."

"அந்த ஒட்டு என்ன? நடுவுல ஒரு ரிவிட்டு கோணலா நிக்குது. மாத்திடலாமே."

"அதுல கை வெச்சே, மொத்தத்தையும் கழட்டி எடுத்துட்டுப் போயிடுவேன்."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். மஞ்சள் பித்தளைக் கம்பி தலைநகரிலிருந்து புறப்பட்டு, கறுப்பு மலைக்கு மேலாக, கோணல் ரிவிட்டைத் தொட்டும் தொடாமலும் கோக்-பெல்லுக்கு வந்து சேர்ந்தது. இந்த முறை அவள் கம்பியை அறுக்கவில்லை.

முதல் விமானம் வந்தது ஒரு வியாழக்கிழமை. ஊரே திடலுக்குப் போயிருந்தது. மேளமும் பாட்டும் தூரத்தில் கேட்டன. கரா-உங்கூர் மேல் காலையிலிருந்தே மேகம் இறங்கியிருந்தது. புருல் திடலுக்குப் போகவில்லை. காலையில் ஐமகுல் மாவு பிசைந்திருந்தாள். பிசைந்ததோடு நிறுத்தி, எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்து, மூடி போட்டு, அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். சாதிரின் குழிக்குப் போகிற மலைவழி பனி உருகித் திறக்க இன்னும் நாளாகும். அதுவரை செய்ய முடிந்தது இது ஒன்றுதான்.

தெற்கே சத்தம் கேட்டது. முதலில் வண்டு மாதிரி, பிறகு கனமாக. ஐமகுலின் தோள் எழும்பியது, கால் தரையில் ஊன்றியது. புருல் அம்மாவையே பார்த்தாள். சத்தம் மேகத்துக்குள் போய் மங்கியது. பிறகு கேட்கவேயில்லை. திடலில் மேளமும் நின்றுவிட்டது. அடுப்பில் விறகு வெடித்தது.

மறுபடி கேட்டது. மலைக்கு இந்தப் பக்கமாக, தாழ்வாக, வீட்டுக் கூரை அதிர. முற்றத்துக் கோழிகள் சிதறி ஓடின.

ஐமகுல் எழுந்து வெளியே போகவில்லை. சட்டியின் மூடியை எடுத்தாள். மாவுத் துண்டை எண்ணெயில் விட்டாள். அது சீறிக்கொண்டு மேலே வந்தது.

"கதவைத் திறந்து வைடி" என்றாள். "மணம் வெளியே போகணும்."